தலைநகர் மான்ட்பீலியரில் கூடும் 246 பேருக்கு

பர்லிங்டன், ஜனவரி 1963

மதிப்புக்குரிய வெர்மான்ட் மாநிலக் கீழவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஊருக்கு ஓர் உறுப்பினர் என்ற ஏற்பாடு எப்போது வந்தது, யாருக்குச் சாதகம் என்பதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. போன நவம்பரில் நடந்ததை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஆளுநர் தேர்தலில் பிலிப் ஹாஃப் வென்றது சுமார் 1,300 வாக்கில். ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் அந்தப் பதவிக்கு வருவது நூறாண்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அந்த எண்ணிக்கையில் என் வாக்கும் ஸ்ட்ராட்டன் என்ற சின்ன ஊர்க்காரர் வாக்கும் ஒரே எடை. அதே நாளில் கீழவைக்குப் போட்ட வாக்கு அப்படியா? 1960 கணக்கெடுப்பில் பர்லிங்டனில் 35,531 பேர். ஸ்ட்ராட்டனில் கைக்குழந்தைகளையும் சேர்த்து 24 பேர். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர்.

ஸ்ட்ராட்டன் உறுப்பினர் நினைத்தால் ஒரே மத்தியானத்தில் தம் ஊர் வீடெல்லாம் ஏறி இறங்கி, யார் வீட்டில் என்ன குறை என்று கேட்டுவிடலாம். எங்கள் உறுப்பினர் தினம் நூறு பேரைப் பார்த்தாலும் ஊரை முடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதற்குள் பதவிக்காலத்தில் பாதி போய்விடும். ஹாஃபே ஆளுநராகும் முன் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

மாநில மக்களில் மொத்தமாக எட்டில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் வாழும் சின்ன ஊர்கள் ஒன்றுசேர்ந்தால் உங்கள் அவையில் பெரும்பான்மை. ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே: மக்கள்தொகைப்படி இடங்களைப் பிரியுங்கள்.

சின்ன ஊர்களின் குரல் அடங்கிவிடும் என்பீர்கள். கிளாஸ்டன்பரியில் ஒரே குடும்பத்தார் ஊர்ப் பதவிகளையெல்லாம் தங்களுக்குள் வைத்துக்கொண்டிருந்த கதையை மறந்துவிட்டீர்களா? 1937-ல் அந்த ஊரின் நிர்வாகத்தைக் கலைத்தது இதே சட்டமன்றம்தான். தலையை எண்ண மனமில்லையென்றால் மாட்டையாவது எண்ணுங்கள். பண்ணை ஊர்களுக்கு அதுவும் லாபமாகத்தான் முடியும்; ஏதோ ஒரு கணக்கு என்றாவது நாங்கள் ஆறுதல் அடைவோம்.

மன்னிக்கவும், மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அரசமைப்பைப் பத்தாண்டுக்கு ஒரு முறைதான் திருத்தலாம், பொறுங்கள் என்கிறார்கள். அந்தப் பூட்டு 1870-ல் போட்டது. சென்ற மார்ச்சில் டென்னசி வழக்கில், இத்தகைய புகாரை நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு இங்கேயும் வரும். நீதிபதி வந்து தொகுதிக் கோடு கிழிப்பதைவிட, எந்த ஊர் எந்த மலைக்கு அந்தப் பக்கம் என்று தெரிந்த நீங்களே கிழிப்பது நல்லது.

மக்கள்தொகைப்படி இடங்களைப் பிரியுங்கள். இந்தக் கூட்டத்தொடரிலேயே அதற்கொரு குழு அமைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பர்லிங்டன் வாக்காளர் ஒருவர்