எலியிலா மனிதரிலா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரபணு மாற்றிய செல்களைச் செலுத்தினால் கெட்டுப்போன கல்லீரல் மறுபடி வளர்ந்துவிடும், இனி மாற்று அறுவை சிகிச்சையே தேவைப்படாது என்ற தொனியில் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், இருப்பதால் உறவினர்கள் ஆளாளுக்கு அதை அனுப்பிவிட்டார்கள், ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்லீரல் தானாக வளரும் என்பது உண்மை. நல்ல கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்து ஈடுகட்டிவிடும், உயிரோடு இருப்பவர் தானம் தர முடிவதே இதனால்தான். சிரோசிஸில் அப்படி இல்லை. வருடக்கணக்கில் படிந்த தழும்பு உள்ளே ரத்த ஓட்டத்தையே நெருக்கிவிடுகிறது, பாறையாக இறுகிய நிலத்தில் விதை தூவுவது போல, புதிதாகப் போகும் செல்களில் பெரும்பகுதி அங்கே வேர்பிடிப்பதில்லை.

மரபணு மாற்றிய செல்களைக் கல்லீரலில் செலுத்தும் முயற்சியும் புதிதல்ல. 1992இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வில்சன் குழுவினர், பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் நோய் இருந்த ஒரு பெண்ணின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து, அந்தச் செல்களில் சரியான மரபணுவைச் சேர்த்து அவருக்கே திருப்பிச் செலுத்தினார்கள். கொலஸ்ட்ரால் ஓரளவு குறைந்தது, நோய் தீரவில்லை.

எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருவது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடக்கும் வேலை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களைப் பிரித்து, மேக்ரோஃபேஜ்களாக வளர்த்துத் திரும்ப ஏற்றுகிறார்கள், இவை தழும்பைக் கரைக்க உதவும் செல்கள். 2025இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனை முடிவில், கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் முக்கிய அளவுகோலான மெல்ட் ஸ்கோரில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடுமையான கல்லீரல் சிக்கல்கள் குறைவாக இருந்தன. இத்தனைக்கும் அவை மரபணு மாற்றாத செல்கள். தழும்பைக் கரைக்கும் நொதியை இன்னும் அதிகமாகச் சுரக்கும்படி அவற்றின் மரபணுவை மாற்றுவதுதான் அடுத்த படி, அதற்கான முயற்சி நடக்கிறது.

அப்புறம் ஆபத்தைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. செல்லை வேகமாகப் பெருகச் சொல்லும் மரபணு புற்றுநோய்க்கும் வழி விடலாம், சிரோசிஸ் கல்லீரலில் அந்த அபாயம் ஏற்கெனவே அதிகம். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்குப் பாரிஸில் மரபணு சிகிச்சை கொடுத்தபோது, செருகிய மரபணு தப்பான இடத்தில் போய் உட்கார்ந்ததால் சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நிறைய எழுதுங்கள். ஆனால் சோதனை நடந்தது எலியிலா மனிதரிலா, எந்தக் கட்டம், எத்தனை பேருக்கு, அனுமதி கிடைத்ததா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். மாற்று அறுவைக்குப் பதிவு செய்து காத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தள்ளிப்போட வேண்டாம் என்று ஒரு வரியும் சேருங்கள், முடிந்தால் அந்தச் செய்திக்கே ஒரு திருத்தமாக இதை நாளையே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்