பாட்டைப் பாடுங்கள், அந்த வேடம் வேண்டாம்

எங்கள் பக்கம் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் அண்ணன்மார்களுக்கும், கோயில் விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரியை நானும் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டேன். டி.எம்.எஸ். பாட்டுப் பாடிய தம்பிக்கு நல்ல கனத்த சாரீரம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக எம்.ஜி.ஆர். வேடக்காரர் மேடையேறியதும் என் மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்தரை மணி வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்புறம் ‘ஒளிவிளக்கு’ பாட்டு வந்தது. ‘நாங்க புதுசா கட்டிக்கிட்ட ஜோடிதானுங்க.’ 1968இல் வந்த படம், எம்.ஜி.ஆருக்கு நூறாவது படம், டி.எம்.எஸ்ஸும் எல்.ஆர்.ஈஸ்வரியும் பாடியது என்று தொகுப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் விசில். நரிக்குறவர் வேடத்தில் ஒரு ஜோடி மேடைக்கு வந்தது. முகம், கை, கால் எல்லாம் கரியைக் குழைத்து அப்பியிருந்தார்கள். தோளில் ஓர் அழுக்கு மூட்டை. பாதிப் பாட்டில் கீபோர்டை நிறுத்திவிட்டு இருவரும் கூட்டத்துக்குள் இறங்கி, “சாமியோவ்” என்று இழுத்தபடி கையேந்தினார்கள். உடம்பைச் சொறிந்தார்கள். கீழே கிடந்த காகிதத் தட்டிலிருந்து மீந்த சுண்டலைப் பொறுக்கித் தின்பதுபோல் நடித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். தொகுப்பாளர் மைக்கில், “அதோ ஒரிஜினலே உட்கார்ந்திருக்கு பாருங்க” என்றார். மேடை விளக்கை அந்தப் பக்கம் திருப்பினார்கள்.

மைதானத்து ஓரத்தில், ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில், தார்ப்பாய் விரித்துப் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஒரு நரிக்குறவ அம்மா மேல் அந்த வெளிச்சம் விழுந்தது. பக்கத்தில் அவர் மகள். என் வகுப்பில் ஏழாவது படிக்கிறாள். சாயங்காலம் என்னைப் பார்த்ததும் பள்ளியில் நிற்பதுபோல எழுந்து நின்று வணக்கம் சொல்லி, தானே கோத்த ஊதா மணிச் சரத்தை என் கையில் கட்டிவிட்டவள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். விளக்கு மேலே விழுந்தபோது அவள் கையிலிருந்த நூலைக் கீழே போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு மணி, இன்னொரு மணி என்று கோத்துக்கொண்டே இருந்தாள். மைதானமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவள் அம்மா தார்ப்பாயின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கியபோது மணிகள் கொட்டின. அதைப் பொறுக்கக்கூட அவர்கள் நிற்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் நுழையும்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு “சாமியோவ்”. செவ்வாயிலிருந்து அவள் வரவில்லை. அந்தக் குடியிருப்பிலிருந்து எங்கள் பள்ளியில் ஏழாவது வரை வந்த முதல் பெண் பிள்ளை அவள்தான். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, தமிழைப் பள்ளிக்கு வந்துதான் கற்றாள். மனப்பாடச் செய்யுளை அவள் அளவுக்குத் தடுமாறாமல் சொல்ல என் வகுப்பில் ஆள் இல்லை. ஆறு வருடமாக அவள் நடந்து வந்த நடை உங்கள் ஐந்து நிமிட ஐட்டத்தில் நின்றுபோயிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். பாட்டைப் பாடுங்கள், அந்த வேடத்தை விட்டுவிடுங்கள்.

“பழைய பாட்டு டீச்சர், ஜனங்க கேக்குறாங்க” என்று குழுப் பொறுப்பாளர் சொன்னார். சரி, நானும்தான் கேட்கிறேன். அந்தப் பிள்ளையின் தாத்தா வீட்டுச் சுவரில் எம்.ஜி.ஆர். படம் மாட்டியிருக்கிறார், அவருக்கும் இந்தப் பாட்டு உயிர். அன்றைய சினிமா அந்த மக்களைக் காட்டிய விதத்தைப் பற்றியே கேள்வி கேட்க இடமுண்டு. ஆனால் கரியும் சுண்டல் தட்டும் நீங்கள் சேர்த்தவை.

அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து பாடிய மேடைகள் பல காலம் ஓஹோ என்று நடந்தன. அப்படி ஒருவர் ஆடிய பாத்திரத்துக்குப் பெயர் ஜிம் க்ரோ. பின்னால் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஸ்டீஃபன் ஃபாஸ்டர் 1853இல் வெளியிட்ட ஒரு பாட்டுதான் கென்டக்கி மாநிலத்தின் பாட்டு. அதில் கறுப்பின மக்களைக் குறித்த ஓர் இழிசொல் இருந்தது. 1986இல் சட்டமன்றம் அதை எடுத்துவிட்டு ‘மக்கள்’ என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டது. இன்றைக்கும் அங்கே குதிரைப் பந்தய நாளில் மைதானமே சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடுகிறது.

இங்கேயும் 2023இல் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரில் ஆடக் கூடாதென்று அரசாணை வந்தது. “அது வேற, இது சினிமாப் பாட்டு” என்கிறீர்கள். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு என்பது எனக்கும் தெரியும். இரண்டு கூட்டத்துக்கும் வலி ஒன்றுதானே? நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆயிற்று. 2021இல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டினார்கள். 2023இல் சென்னையில் கையில் டிக்கெட் இருந்தும் தியேட்டருக்குள் விட மறுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் எழுப்புகிறார்கள், சான்றிதழ் கேட்டுப் போனால் நாளை வா என்கிறார்கள். எங்கே போனாலும் “எட்டிப் போ” என்று கேட்டே வளர்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான் உள்ளே வா என்றது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் எங்கே போவாள்?

மன்னிக்கவும், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. இதெல்லாம் உங்கள் தலையில் கட்ட வேண்டியதில்லை.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் ஆடித் திருவிழாவுக்கு உங்கள் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அவள் அம்மா அங்கேயும் வந்து கடை போடுவார், அவர்கள் பிழைப்பு அது. அன்றைக்கு இந்தப் பாட்டைத் தாராளமாகப் பாடுங்கள். கரி வேண்டாம், கையேந்தல் வேண்டாம், “சாமியோவ்” வேண்டாம். கமிட்டிப் பெரியவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைப் பேசி முடித்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்கலாமா? அதற்குள் ஒரு நாள் அந்தத் தொகுப்பாளர் தம்பி அவர்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். வழி தெரியாவிட்டால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை