மாத்திரை போட்டாயா?

பெரம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு மன்னித்துக்கொள்; காரணம் சொல்லிப் பக்கத்தை வீணாக்க மாட்டேன். முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரை வேளாவேளைக்குப் போடுகிறாயா? இங்கே எல்லாரும் சௌக்கியம். ராஜி பெண்ணுக்குத் தை மாதம் வளைகாப்பு. தாம்பரத்துக்கும் பெரம்பூருக்கும் நடுவே கடல் ஒன்றும் இல்லை, வந்து சேர்.

நீ அனுப்பிய உன் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலப் பேப்பர்களை எல்லாம் படித்துவிட்டேன். கோபம் உன்மேல்தான் வந்தது, பிள்ளைகள்மேல் இல்லை. ‘ஐ டிட் எ மிஸ்டேக்’, ‘ஐ புட் லீவ்’, ‘ஐ சா எ ட்ரீம்’ எல்லாவற்றையும் சிவப்பில் அடித்து ஓரத்தில் ‘கேர்லெஸ்’ என்று எழுதியிருக்கிறாய். கேர்லெஸ் இல்லடி அது. தப்புப் பண்ணினேன், லீவு போட்டேன், கனவு கண்டேன் என்று அடியில் சுத்தமான தமிழ் ஓடுகிறது. அந்தத் தமிழைப் பார்க்காமல் திருத்தினால் அடுத்த வாரமும் அதே தப்புதான் வரும்.

மேலே உன்னைக் கேட்டேனே, மாத்திரை போடுகிறாயா என்று, அந்தப் ‘போடு’வையே எடுத்துக்கொள். நமக்கு ஒரு வினை. ஆங்கிலத்திலோ பெயர்ச்சொல்லுக்கு ஏற்றபடி ஆள் மாறிக்கொண்டே இருக்கும். மாத்திரைக்கு ‘டேக்’. லீவுக்கும் ‘டேக்’. டீ போட ‘மேக்’, கணக்குப் போட ‘டூ’, சத்தம் போட மறுபடி ‘மேக்’. ஓட்டுக்கு ‘காஸ்ட்’, கேஸுக்கு ‘ஃபைல்’, கோலத்துக்கு ‘ட்ரா’. ஊசி போடுகிற நர்ஸுக்கு ‘கிவ்’, போட்டுக்கொள்கிறவருக்கு ‘கெட்’. சண்டைக்கு ‘ஹாவ்’, வலியப் போய் இழுத்தால் ‘பிக்’. கையெழுத்துக்கு ‘சைன்’ ஒன்றே போதும், கூட வேறு வினை வேண்டாம். லைட் போடுவதில் பிள்ளைகள் பாதி சரி: ‘புட் த லைட் ஆன்’ என்று இங்கிலாந்தில் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் விட்டது அந்த ‘ஆன்’ மட்டும். அங்கே முழு வாக்கியத்தையும் அடித்திருக்கிறாய், பார்.

‘வாங்கு’வும் இப்படித்தான். புடவை வாங்கினால்தான் ‘பை’. மார்க்குக்கும் பெர்மிஷனுக்கும் ‘கெட்’, கடனுக்கு ‘டேக்’. ‘சொல்’லில், பொய்க்கும் உண்மைக்கும் கதைக்கும் ‘டெல்’. நன்றிக்கும் ஸாரிக்கும் ‘ஸே’.

இதற்கு ஒரே வரியில் விதி கேட்டிருந்தாய். ‘உண்டாக்கினால் மேக், செய்தால் டூ’ என்று போர்டில் எழுதிப் போடாதே. டேமேஜை உண்டாக்கத்தான் செய்கிறோம், அதற்கு ‘டூ’. படுக்கையை விரித்து ஒழுங்கு பண்ணுகிறோம், அதற்கு ‘மேக்’. எந்தப் பெயர்ச்சொல் எந்த வினையோடு கூட்டுச் சேர்கிறது என்பதுதான் கணக்கு. கொலொகேஷன் என்கிற இந்தச் சேர்க்கைகளை மொழியியலாளர் ஹெரால்டு பாமர் 1933இல் டோக்கியோவில் உட்கார்ந்து தொகுத்து அறிக்கையாகக் கொடுத்தார், ஜப்பானில் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்காக. பிறகு இதை மொழியியலில் பெரிதாகப் பேசிய ஜே. ஆர். ஃபர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. பரீட்சை ‘தேனா’ என்று பழகிய ஹிந்திக்காரர்கள் ‘கிவ் எக்ஸாம்’ என்கிறார்கள், எழுதிப் பழகிய நாம் ‘ரைட் எக்ஸாம்’ என்கிறோம்.

அந்த ‘ரைட்’டை ஏன் அடித்தாய்? இங்கிலாந்தில் ‘சிட்’, அமெரிக்காவில் ‘டேக்’, ஆனால் கனடாவிலும் ‘ரைட்’ உண்டு. ‘டேக் எ டிசிஷ’னும் அப்படியே, அமெரிக்கர்கள் ‘மேக்’ என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் இரண்டும் சொல்வார்கள். சிவப்பு மையை ‘ஆஸ்க் எ டவுட்’டுக்கு வைத்துக்கொள். நமக்கு டவுட் என்றால் புரியாதது. அவர்களுக்கு அது நம்பிக்கைக் குறைவு. மீட்டிங்கில் மேலதிகாரியிடம் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்றால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று அவர் காதில் விழும். ‘கொஸ்சன்’ என்று மாற்றச் சொல். நீயே திருத்தி எழுதியிருக்கும் ‘கமிட் எ மிஸ்டேக்’கும் வேண்டாம். கமிட் குற்றத்தோடும் பாவத்தோடும் போகிற சொல். கூட்டல் தப்பானதற்கு அது தாங்காது.

வகுப்பில் இப்படிச் செய். ஒரு தமிழ் வினைக்கு ஒரு தாள். மூன்று கட்டம்: தமிழ்த் தொடர், ஆங்கிலப் பெயர்ச்சொல், மூன்றாவது ஆங்கில வினைக்காகக் காலி. ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். பெயர்ச்சொல்லை ‘எ’ சேர்த்தே எழுது: ‘எ மிஸ்டேக்’, ‘எ ப்ளான்’. ஹோம்வர்க்குக்கும் ப்ராக்ரஸுக்கும் ‘எ’ கிடையாது, அதுவும் கூடவே பதியட்டும். பிறகு இறந்தகாலத்தில் வாக்கியம் சொல்ல வை, ‘மேட்’, ‘டுக்’ என்று வாயில் வரவேண்டும். மறுநாள் கேள், ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேள். ‘டூ’வையும் ‘மேக்’கையும் ஒரே நாளில் எதிரெதிரே நிறுத்தாதே. உன் இரண்டாம் வாரப் பேப்பரில் ‘மேக் ஹோம்வர்க்’ திடீரென்று ஏழு பேரிடம் வந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் வாரம் எல்லாரும் ‘டூ’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

தமிழே கை கொடுக்கிற இடமும் இருக்கிறது. கவனம் செலுத்து, வரி செலுத்து. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘பே’. இதைச் சொன்னால் பிள்ளைகள் ‘கிவ் அட்டென்ஷன்’ என்று எழுதுவது குறையும்.

கடைசியாக ஒன்று. பச்சை மையில் எழுதுகிற பெண்ணின் மூன்று பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவது ஒன்றரைப் பக்கம். அம்மாவுக்குக் காய்ச்சல், ஊசி போட்டது, லீவு போட்டது என்று என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறாள். பதினொரு சிவப்பு. இரண்டாவது முக்கால் பக்கம். மூன்றாவது நாலே வரி, ‘ஐ வென்ட்’, ‘ஐ கேம்’. ஒரு தப்பும் இல்லை. நீ ‘குட்’ போட்டிருக்கிறாய். எனக்கு அதைப் படித்துவிட்டு மனசே சரியில்லை, வசந்தி.

அவளிடம் அந்த முதல் பேப்பரைத் திருப்பிக் கொடு. ‘போடு’ தாளை நானே தயார் பண்ணி வியாழனுக்குள் அனுப்புகிறேன். அதைப் பார்த்து அவளே வினைகளை மட்டும் மாற்றட்டும், அம்மாவின் காய்ச்சலைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.

பெருமாள் சாருக்கு என் வணக்கம் சொல்.

உன்
மலர்