காட்டுக்குள் ஒரு வாசற்படி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீயும் மருமகளும் குட்டியும் நலந்தானே? மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். குட்டி பள்ளிக்குப் போகும்போது காதை மூடி அனுப்பச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டாய். "முட்டி வலியை வைத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் எதற்குப் போகிறீர்கள்? நடக்க வேண்டுமென்றால் வீட்டுக்குக் கீழே பூங்கா இல்லையா?" என்று கேட்டாய். எனக்கு அப்போது பதில் வரவில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் பயந்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். காடு என்றால் நீ நினைக்கும் காடு இல்லை. நம் சிங்கப்பூரின் தாம்சன் இயற்கைப் பூங்கா. அப்பர் தாம்சன் சாலையோரம் 50 ஹெக்டர், 2019இல் திறந்தார்கள். யீஷூனிலிருந்து அந்தச் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால், வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். காலை ஏழு மணிக்குத் திறக்கும். உள்ளே ஐந்து பாதைகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நான்கு கிலோமீட்டர் வராது. நான் நடப்பது அதில் பாதிகூட இல்லை. பெரும்பாலும் சமதளம், ஏற்றம் வரும் இடங்களில் மெதுவாக ஏறுகிறேன். மழை பெய்த மறுநாள் போவதில்லை, வேர்கள் வழுக்கும். குடை, தண்ணீர், கைத்தொலைபேசி மூன்றும் பையில் இருக்கும். முட்டிக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண்ணும், சிமெண்டுத் தரையைவிட மண் தரையில் நடப்பது நல்லது என்றுதான் சொன்னாள்.

இனி, ஏன் போகிறேன் என்பது.

அந்தக் காட்டுக்குள் ஒரு ஊர் இருந்தது. ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் 1930களில் அங்கே குடியேறினார்கள். வீடு, தோட்டம், கோழி, பன்றி என்று ஒரு கம்பம், அதாவது கிராமம். அவர்களில் ஒருவர் ஹான் வை தூன். 1936இல் அங்கே நிலம் வாங்கி ரம்புத்தான் தோட்டம் போட்டவர். பழத்துக்குப் பேர்போன தோட்டம் அது. அதோடு பழைய பீங்கான் பாத்திரங்களைச் சேகரித்து, யாரும் சொல்லித் தராமலே அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1962இல் சீனாவுக்குத் திரும்பிப் போனார். அவர் சேர்த்த பீங்கான்களில் பல பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் போயின. மண்ணைக் கொத்துகிற கையே பீங்கானையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது. உன் தாத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, படிப்பு இல்லை, ஆனால் அவர் ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கும் விதம் அப்படித்தான் இருக்கும்.

1980களில் அந்த ஊரார் எல்லாரும் வெளியேற வேண்டியதாயிற்று. வீடுகள் போயின. காடு வந்து மூடிக்கொண்டது. பிறகு பூங்கா அமைத்தவர்கள், மிஞ்சிய இடிபாடுகளைப் பெயர்த்துப் போடாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த ஒன்றுக்காகத் தேசியப் பூங்காக் கழகத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நீ அங்கே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. பச்சையைத் தவிர வேறு எதுவும் இருக்காது. கண் பழகியதும் பச்சைக்குள் ஒரு நேர்கோடு தெரியும். காட்டில் நேர்கோடு கிடையாது, தம்பி. நேர்கோடு தெரிந்தால் மனிதக் கை பட்ட இடம் என்று பொருள். இடுப்பளவுச் சுவர், அதன்மேல் பாசி, சுவரைக் கட்டிப் பிடித்து இறங்கியிருக்கும் அத்திமரத்து வேர். சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் நடந்தால் சிமெண்டுப் படிகள். மேலே வீடு இல்லை. படி ஏறி முடியும் இடத்தில் பெரணிச் செடிதான் நிற்கிறது.

முதல் தடவை சமூக மன்றத்துக் குழுவோடு போனபோது, மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அந்தப் படியை விட்டுக் கால் நகரவில்லை. கீழ்ப்படியின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து குழிந்திருந்தது. முந்தின நாள் மழைத்தண்ணீர் ஒரு கரண்டியளவு அதில் தேங்கியிருந்தது, அதற்குள் ஓர் எறும்பு மிதந்தது. எத்தனை பேர் எத்தனை வருடம் மிதித்திருந்தால் சிமெண்டு அப்படிக் குழியும்! அந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டிருப்பார்கள். நாங்கள் சாப்பிட்டோமே.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு படி இருந்தது. உனக்கு நான் சொன்னதே இல்லை.

"நீ சூன்" என்ற கிராமத்துக்கு உள்ளே, மண்டாய்ச் சாலைப் பக்கம், ஒரு சிறிய ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. நீ பிறந்து வளர்ந்த யீஷூன்தான் அந்த நீ சூன். லிம் நீ சூன் என்ற அன்னாசி, ரப்பர் முதலாளியின் பெயரை மாண்டரினில் உச்சரித்தால் யீஷூன். பலகைச் சுவர், தகரக் கூரை. தரையிலிருந்து ஓரடி உயரம் என்பதால் தாத்தா தாமே சிமெண்டு குழைத்து இரண்டு படி கட்டினார். காய்வதற்கு முன்னே உன் மாமா ஓடிப்போய் மிதித்துவிட்டான். அம்மாயி விளக்குமாற்றை எடுத்தார். தாத்தா தடுத்துவிட்டார். "இருக்கட்டும், இது யார் வீடு என்று தெரிய வேண்டாமா" என்றார். அந்தச் சின்னக் கால்தடத்தைச் சுற்றித்தான் நான் வெள்ளிக்கிழமைதோறும் கோலம் போடுவேன்.

தாத்தா விடியுமுன் ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போவார். ஒன்பது பத்து மணிக்கு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போவார். அந்தக் கொட்டகைதான் எனக்கு உலகம். பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டுகளில் ஊற்றி அளவாக ஆசிட் விடுவார்கள். உறைமோர் ஊற்றிய பாலைப் போல அது தோய்ந்து கெட்டியாகும். தோய்ந்ததைத் தட்டிலிருந்து கவிழ்த்தால் வெள்ளை வெளேரென்று, தொட்டால் குலுங்கும். பிறகு ரோலர் மெஷின். இரும்பு உருளைகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று, பக்கத்தில் கைப்பிடிச் சக்கரம். ஒருவர் சுற்ற, ஒருவர் ரப்பரை நுழைக்க வேண்டும். வழுவழுப்பான உருளையில் மூன்று நான்கு தடவை விட்டால் தண்ணீர் பிழிந்து ஓடி, துணிபோல மெலிந்து வரும். கடைசியில் வரிபோட்ட உருளையில் ஒரு தடவை. ஏன் வரி என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "வரி இருந்தால் காற்றும் புகையும் உள்ளே நுழையும், சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது" என்றார். பிறகு புகைவீட்டில் கொடியில் துணி காயப்போடுவதைப் போல வரிசையாகத் தொங்கவிடுவார்கள். வெள்ளையாகப் போனது தேன் நிறத்தில் வெளியே வரும். அந்த வாசனை நல்ல வாசனை இல்லை, ஆனால் இன்று எங்கேயாவது வந்தால் ஓடிப்போய் முகர்வேன்.

தாத்தாவின் இடது கை மோதிர விரல் உனக்கு நினைவிருக்கிறதா? நுனி சப்பையாக, நகம் இல்லாமல் இருக்கும். நீ நடக்கப் பழகியபோது அந்த விரலைத்தான் பிடித்துக்கொள்வாய். கதவிடுக்கில் மாட்டியது என்று உன்னிடம் சொன்னோம். உண்மை அதுவன்று. அந்த ரோலரில் மாட்டியது. அன்று சக்கரம் சுற்றியவள் நான். எனக்குப் பத்து வயது. சுற்ற வேண்டிய ஆள் வரவில்லை என்று நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன். அவர் "நிறுத்து" என்றது காதில் விழுந்தது, கை நிற்க அரைச் சுற்று ஆகிவிட்டது. தோட்டத்துக்காரர் ஐந்து வெள்ளி கொடுத்து இரண்டு நாள் விடுப்பு தந்தார். தாத்தா ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. யாராவது கேட்டால் "கதவு" என்பார். என் முன்னால் அவர் அந்தக் கையை எப்போதும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார் என்பதை, அவர் போன பிறகு பழைய படங்களைப் பார்க்கும்போதுதான் கவனித்தேன்.

இதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

1980களின் தொடக்கத்தில் எங்களுக்கும் வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. இழப்பீட்டுப் பணம் கிடைத்தது, அடுக்குமாடியில் வீடு கிடைத்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. அம்மாயிக்கு அதில் மகிழ்ச்சிதான். கிணற்றடியில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் இடத்தில் ஒரு செங்கல்கூட மிஞ்சவில்லை. நான் எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன். சாலையே இடம் மாறிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துமிடமா, பள்ளிக்கூடமா என்று என்னால் விரல் நீட்ட முடியவில்லை. உன் மாமாவின் கால்தடம் எந்தக் கட்டடத்துக்குக் கீழே கிடக்கிறதோ.

அதனால்தான் ஹைனான்காரர்களின் படிக்கு எதிரே போய் நிற்கிறேன். முன்பின் தெரியாதவர்களின் வீடுதான். பாதையோரம் நின்று பார்க்கிறேன், இடிபாட்டுக்குள் கால் வைப்பதில்லை. அரைமணி நேரம் நின்றால் எனக்கு எங்கள் கொட்டகைச் சக்கரத்தின் கிறீச்சொலி கேட்கிறது.

போன வாரம் அங்கே ஒரு பால்மரத்தையும் கண்டேன். கிழமரம். நெஞ்சுயரத்துக்குக் கீழே, சாய்வாகக் கத்தி போன தழும்புகள் பட்டையில் வீங்கி மூடியிருந்தன. விரலால் தடவினேன். அடியில் ஒரு ரப்பர்க் கொட்டை கிடந்தது, அதே பழுப்புப் புள்ளிகளோடு. அதைச் சிமெண்டில் சூடேறத் தேய்த்து உன் மாமாவின் தொடையில் வைத்து அவனை அலறவைத்த கை இது. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டேன். பூங்காவிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது.

குட்டியிடம் சொல்: பாதைக்கு மறுபக்கம் பழைய அப்பர் தாம்சன் சாலை போகிறது. 1961இலிருந்து 1973வரை அங்கேதான் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தது. ஈஸ்டர் வந்தால் எங்கள் வீடுவரை சத்தம் கேட்கும், அம்மாயி கோழிகளை அடைத்துவிடுவார். இப்போது அதே சாலையை இரவில் மூடிவிடுகிறார்கள், விலங்குகள் பயமில்லாமல் கடப்பதற்காக. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலமும் கட்டியிருக்கிறார்கள். அது ராஃபிள்ஸ் பட்டைக் குரங்குக்கு. கறுப்பு உடம்பு, தொடையின் உட்புறம் வெள்ளை. அந்தக் குரங்கின் குட்டி மட்டும் வெள்ளையாகப் பிறக்கும், முதுகில் கறுப்புச் சிலுவைக் கோட்டோடு. கூச்ச சுபாவம், சத்தம் போட்டால் மறைந்துவிடும். நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், ரம்புத்தான் மரத்தின் உச்சியில், வால் மட்டும் கயிறுபோல நேராகத் தொங்கியது.

ஜூலைத் தொடக்கத்தில் குட்டிக்குப் பள்ளி விடுமுறை என்று சொன்னாய் அல்லவா? கோலாலம்பூர், கேமரன் மலை என்று எங்கேயும் டிக்கெட் போடாதே. ஒரு காலைப் பொழுது எனக்குக் கொடு. ஏழு மணிக்கே கிளம்பிவிடலாம், வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். வழியில் ரம்புத்தான் பழுத்துச் சிவந்திருக்கும், பறிக்கக் கூடாது என்று குட்டிக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்து வா. திரும்பும்போது சந்தையில் இரண்டு கிலோ வாங்கித் தருகிறேன்.

அந்தப் படிக்கு எதிரே நின்று குட்டிக்கு ரோலர் மெஷின் எப்படிச் சுற்றும் என்று கையாலேயே காட்ட வேண்டும் எனக்கு. நீ பக்கத்தில் நிற்க வேண்டும். விரல் கதையை அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம், உன்னிடம் சொல்லிவிட்டேன், போதும்.

குட்டிக்கு முழுக்கால்சட்டை எடுத்து வை. ஓடைப் பக்கம் கொசு அதிகம். உன் பழைய நடைக்காலணி இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா