ஆண்டறிக்கை: குளிர்நீரும் பாசி தின்னும் மீன்களும்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

உதகையில் மீன் வளர்க்கும் நாம் இந்த ஆண்டு எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் பாசியில்தான் வந்து நின்றோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடமே இருக்கிறது. நான் மீன்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் துக்கச் செய்தி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனை மூன்று உறுப்பினர்கள் சமவெளியிலிருந்து வாங்கி வந்தார்கள். அது தென் அமெரிக்க வெப்பநீர் மீன். மார்கழிப் பனியில் தொட்டிநீர் 12 டிகிரிக்கு இறங்கியதும் இரண்டு மீன்கள் முதலில் இரையை விட்டன, பிறகு உயிரை விட்டன. எஞ்சிய ஒன்றை ஏரியில் விட்டுவிடலாமா என்று கேள்வி வந்தது. கூடவே கூடாது என்றது செயற்குழு. தமிழக நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களை நெருக்குகிறது. கோவையில் சூடேற்றி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார்.

அதிகம் பேசப்பட்டது சீன ஹைஃபின். கடையில் சுறா என்கிறார்கள். சுறாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, யாங்சி ஆற்று மீன் அது. குஞ்சாக இருக்கும்போது பாய்மரம் போன்ற முதுகுத் துடுப்பும் கரும்பட்டைகளும் கண்ணைப் பறிக்கும். வளர வளரப் பட்டை மங்கும், துடுப்பின் எடுப்பும் போய்விடும். குளிரைத் தாங்கும், சாது. ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் என்பதை நமக்கு விற்றவர் சொல்லவில்லை. குளிர்நீரில் மெல்ல வளர்வதால் அந்த உண்மை நமக்குத் தாமதமாகத்தான் உறைக்கிறது. தோட்டக் குளத்தில் மூன்று அங்குலத்தில் விடப்பட்டவை இரண்டாண்டாகியும் ஆறு அங்குலத்தைத் தொடவில்லை. வளரவே இல்லை என்று உறுப்பினர் குறைப்படுகிறார். குளத்தின் அளவைப் பார்த்த எனக்கு அது நிம்மதி. பாசியைத் தின்கிறதா என்றால், கொறிக்கிறது. புழு கிடைத்தால் பாசிப் பக்கம் திரும்புவதில்லை. பாசியை நம்பி இரை போடாமல் விட்டவருடைய மீன்களுக்கு வயிறு ஒட்டிப்போயிற்று. மூழ்கும் இரை போட்ட பிறகே தேறின.

நம் ஊர்த் தொட்டிகளுக்குப் பொருந்துவது ஓடைக்கல்லில் ஒட்டிக்கிடக்கும் தட்டையான அயிரை வகைதான். அகன்ற துடுப்புகளால் கல்லைப் பற்றிக்கொண்டு பாசிப் படலத்தை மேயும். அதற்கு நீரோட்டமும் ஆக்சிஜனும் குறையக் கூடாது. குளிர்நீரில் ஆக்சிஜன் மிகுதி என்று நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்பது கடல்மட்டக் கணக்கு. 2,240 மீட்டர் உயரத்தில் நமக்குக் கிடைப்பது அதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். மின்வெட்டு நீண்ட ஓர் இரவில் இதைக் கற்றுக்கொண்டோம்.

பவானி ஆற்றின் பெயரைத் தாங்கிய பவானியா என்ற பேரினமும் இந்த வகையே. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அதற்கு வேறு வீடில்லை. ஓடையிலிருந்து அதைப் பிடித்து வரலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் அம்மையார் எந்த மீனும் வாங்காமல் குளத்தின் மேல் நிழல்வலை கட்டி, தங்கமீன்களுக்குப் போடும் இரையைப் பாதியாகக் குறைத்தார். இரண்டே மாதத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. அடுத்த மாதக் கூட்டம் அவர் வீட்டுக் குளக்கரையில் நடைபெறும். சங்கத்தின் வெப்பமானிகளை இரவல் வாங்கிய நால்வரும் அன்று அவற்றைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்