வீட்டு ஏ.ஐ. உங்கள் காலண்டரை எப்படிப் படிக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு லைட், பூட்டு, காலண்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் மென்பொருள்) நாங்கள் போட்டுக்கொடுத்த வீடுகளிலிருந்து இப்போது அடிக்கடி வரும் போன் இதுதான்: “அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம்னு காலண்டரில் போட்டிருக்கேன். ஏ.ஐ.கிட்ட கேட்டா அப்படி எதுவும் இல்லைங்குதே!” பழுது எதுவும் இல்லை. அது எத்தனை நாள் வரை எட்டிப் பார்க்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நீங்கள் பேசும் ஏ.ஐ. ஏஜென்டுக்கு, அதாவது கேள்விக்குப் பதில் சொல்லி வேலையும் செய்து தரும் ஏ.ஐ.க்கு, உங்கள் காலண்டர் மனப்பாடம் கிடையாது. ஒவ்வொரு முறையும் அது ஹோம் அசிஸ்டன்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. இடையில் பாலமாக இருப்பது எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற முறை; ஏ.ஐ.யை மற்ற மென்பொருள்களோடு இணைப்பதற்கானது. ஆந்த்ரோபிக் என்ற ஏ.ஐ. நிறுவனம் அதை 2024 நவம்பரில் வெளியிட்டது. ஹோம் அசிஸ்டன்டில் 2025 பிப்ரவரிப் பதிப்பிலிருந்து இருக்கிறது. காலண்டரைப் பார்க்க அதில் ஏஜென்டுக்குக் கிடைக்கும் கருவி இரண்டே கேள்விதான் கேட்கும்: எந்தக் காலண்டர், இன்றைக்கா இந்த வாரமா? வாரம் என்றால் இன்றையும் சேர்த்து ஏழு நாள். அதற்கு மேல் கேட்க வழியே இல்லை. நல்ல ஏஜென்டாக இருந்தால் “இந்த ஏழு நாளில் இல்லை” என்று சொல்லும். சில ஏஜென்டுகள் முன்பாதியை விழுங்கிவிட்டு “இல்லை” என்று மட்டும் சொல்லிவிடும்.

இன்னொன்று, “இன்றைக்கு” என்றால் நீங்கள் கேட்ட நிமிடத்திலிருந்து ராத்திரி பன்னிரண்டு வரை. காலையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, “இன்னிக்கு என்னென்ன இருந்துச்சு?” என்று சாயங்காலம் கேட்டால் அந்த அப்பாயின்ட்மென்ட் பட்டியலில் வராது.

நீண்ட நாள் கணக்கு வேண்டுமென்றால் ஹோம் அசிஸ்டன்டிலேயே ‘கெட் ஈவென்ட்ஸ்’ என்றொரு வசதி இருக்கிறது. தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் கொடுத்தால் இடையில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துத் தரும். அதை வைத்து “அடுத்த அறுபது நாள்” என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய கட்டளைத் தொகுப்பு) எழுதி ஏ.ஐ.க்குக் காட்டிவிட்டால், அதையும் ஒரு கருவியாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஸ்கிரிப்டின் விளக்கத்தில் “ஏழு நாளுக்கு அப்பால் கேட்டால் இதைக் கூப்பிடு” என்று எழுதியாக வேண்டும். அது இல்லாவிட்டால் எப்போது கூப்பிடுவது என்று அதற்குப் புரியாது.

அடுத்தது, ஒரு நாள் மின்தடையை இரண்டு நாளாகச் சொல்லும் கதை. 20-ஆம் தேதி கரன்ட் இருக்காது என்று முழுநாள் நிகழ்வாகப் போடுகிறீர்கள். உள்ளே அது பதிவாவது தொடக்கம் 20, முடிவு 21 என்று. காலண்டர் கோப்புகளுக்கு உலகம் முழுக்க இதுதான் விதி: முடிவுத் தேதி கணக்கில் சேராது. கருவியின் விளக்கத்திலேயே இதைச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் ஏ.ஐ. மாடல்களில் சின்னவை, குறிப்பாக வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுபவை, அதைக் கவனிக்காமல் “20, 21 இரண்டு நாளும் கரன்ட் இல்லை” என்று சொல்லிவிடுகின்றன. நீங்களும் இரண்டு நாளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறீர்கள்! ஏஜென்டுக்கு நாம் எழுதிவைக்கும் குறிப்பில் “முடிவுத் தேதி கணக்கில் சேராது” என்று தமிழிலேயே ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

சுவர் டேப்லெட்டில் காலண்டரின் நிலையைக் காட்டும் கார்டை ஏஜென்ட் பார்ப்பதோடு ஒப்பிடாதீர்கள். அந்த நிலையில் நடந்துகொண்டிருக்கும் நிகழ்வோ, அடுத்து வரும் ஒன்றோதான் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு இருந்தால் ஒன்று மறைந்துபோகும்.

கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய இடம் இனிமேல்தான். 2025 ஆகஸ்டில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். கூகுள் காலண்டர் அழைப்பு ஒன்றின் உள்ளே கட்டளையை ஒளித்து அனுப்பினார்கள். வீட்டுக்காரர் கூகுளின் ஏ.ஐ.யான ஜெமினியிடம் “இந்த வாரம் என்ன இருக்கு?” என்று கேட்டு, அப்புறம் சும்மா “நன்றி” சொன்னதும், லைட் அணைந்தது, ஜன்னல் ஷட்டர் திறந்தது. கூகுளிடம் முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். அவர்களும் தடுப்புகள் போட்டார்கள். ஆனால் இதன் அடிப்படை எல்லா ஏஜென்டுக்கும் பொது. நிகழ்வின் தலைப்பையும் குறிப்பையும் அது வாசிக்கிறது. யார் எழுதியது என்று பார்ப்பதில்லை. அதனால் கூகுள் காலண்டர் அமைப்பில் “தெரிந்தவர் அனுப்பிய அழைப்பு மட்டும் தானாகச் சேரட்டும்” என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். கதவுப் பூட்டையும் கேட்டையும் ஏ.ஐ.க்குக் காட்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வசதி குறைகிறது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை.

ஆபீஸ் காலண்டரையும் காட்டத் தேவையில்லை. வீட்டுக்கென்று தனியாக ஒன்று வைத்து, கேஸ், மின்தடை, குழந்தைகளின் பரீட்சை, விசேஷங்களை மட்டும் அதில் போடுங்கள். வெளியிலுள்ள ஏ.ஐ. சேவையைப் பயன்படுத்தும் வீடுகளில், படித்ததெல்லாம் அந்தச் சேவைக்கும் போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். யு.டி.சி. (நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) என்று கிடந்தால் உங்கள் “இன்றைக்கு” காலை ஐந்தரைக்குத்தான் தொடங்கும்.

அறுபது நாள் ஸ்கிரிப்ட் வேண்டுவோர் அடுத்த சர்வீஸுக்கு நாங்கள் வரும்போது சொல்லுங்கள். எந்தக் காலண்டரைக் காட்டுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஏஜென்டை இணைக்கும் நீண்டகால டோக்கன், அதாவது கடவுச்சொல் போன்ற ரகசிய எழுத்துக் கோவை, பத்து வருடம் செல்லும். எனவே அதை வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்பாதீர்கள். நேரில் வரும்போது நீங்களே உள்ளிட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்மார்ட் ஹோம் கடையினர்