கல்ஃபுக்கு வேலைக்கு போறவங்கன்னா இளக்காரமா?

ஆசிரியருக்கு வணக்கம். போன மாசம் திருச்சி ஏர்போர்ட்ல துபாய் ஃபிளைட்டுக்கு செக்இன் லைன்ல நின்னப்போ, எனக்கு முன்னாடி கட்டட வேலைக்கு போற ஒரு அண்ணன், லக்கேஜ் ரெண்டு கிலோ கூட இருக்குன்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு "ஏய், தள்ளிப்போய் பிரிச்சு எடு"ன்னு சொல்லுது, அவரு தரையில உட்கார்ந்து கயித்த அவிழ்த்து ஊறுகாய் பாட்டில், முறுக்கு டப்பான்னு எல்லாத்தையும் வெளிய எடுத்து வைக்கிறாரு, அடுத்து இங்கிலீஷ்ல பேசின ஒருத்தருக்கும் வெயிட் கூடத்தான், அவருக்கு மட்டும் "பரவாயில்ல சார்". வயிறு எரிஞ்சுது.

நடவடிக்கை எடுக்க முடியாதுன்னு இல்லையே. 2022 மே மாசம் ராஞ்சியில மாற்றுத்திறனாளி பையன ஃபிளைட்ல ஏத்தாம விட்டாங்க, கூட வந்த பயணிகளே அந்த குடும்பத்துக்காக பேசினாங்க, விஷயம் வெளிய வந்ததும் விமான கம்பெனிகள கண்காணிக்கிற அரசு அமைப்பு டிஜிசிஏ விசாரிச்சு இண்டிகோவுக்கு 5 லட்சம் அபராதம் போட்டுச்சு. அதுக்கப்புறம் ரூலையும் மாத்தினாங்க, பயணி உடம்புக்கு ஆகாதுன்னு சந்தேகம் வந்தா ஏர்போர்ட் டாக்டர் பார்த்து சொல்லணும், ஸ்டாஃப் இஷ்டத்துக்கு முடிவு பண்ணக்கூடாது.

அந்த அண்ணனுக்காக யாரு பேசுவா? விமானப் பயணிகள் புகாருக்குன்னு மத்திய அரசு வச்சிருக்குற ஏர்சேவா வெப்சைட்ல புகார் குடுக்கலாம்தான், ஆனா ஃபிளைட்ட விட்ருவோமோன்னு பதறுற ஆளு அத எங்க போய் டைப் பண்றது! திருச்சி, மதுரை ஏர்போர்ட்லயாவது புகார தமிழ்லயே எழுதி வாங்கிக்க ஒரு கவுண்டர் வேணும், வாங்கினதுக்கு ரசீதும் குடுக்கணும்.

ஒரு வாசகர்,
புதுக்கோட்டை